ஐந்தாம் செமஸ்டரில் நான்கு வழி: வேலை, மேற்படிப்பு, போட்டித் தேர்வு, அப்ரண்டிஸ்

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் கலை, அறிவியல் கல்லூரி மாணவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். கேம்பஸில் கிடைப்பதை எடுத்துக்கொள்வதா, எம்.எஸ்சி. சேர்வதா, டிஎன்பிஎஸ்சிக்கு உட்கார்ந்துவிடுவதா? அப்பா ஒன்று சொல்வார், துறைத்தலைவர் ஒன்று சொல்வார், சீனியர் ஒன்று சொல்வார். ஒவ்வொருவரும் அவரவர் காலத்துக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பிசிஏ படிக்கும் ஒருவருக்கு இன்று இந்த வழிகள் என்ன தரும், என்ன பிடுங்கும் என்று இங்கே பார்ப்போம். நான்காவதாக அப்ரண்டிஸ் பயிற்சியையும் சேர்த்திருக்கிறோம். பலருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

## எதை வைத்து அளப்பது

சம்பளத்தை முதல் அளவுகோலாக வைத்தால் கணக்கு தப்பிவிடும்.  அதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு.

கதவு எப்போது மூடும்? சில வாய்ப்புகள் கல்லூரியை விட்டு வெளியே வந்த அன்றே போய்விடும். சில 35 வயது வரை காத்திருக்கும். எது முதலில் மூடுமோ அதை முதலில் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

முதல் ரூபாய் கைக்கு வர எத்தனை மாதம்? அதுவரை வீடு தாங்குமா? அப்பாவின் வருமானம், தங்கையின் கல்லூரிக் கட்டணம், நகைக்கடன் எல்லாம் இதில் அடங்கும். வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசி, மாதக் கணக்கில் ஓர் எண்ணாகவே எழுதி வையுங்கள்.

தோற்றால் கையில் என்ன மிஞ்சும்? இரண்டு ஆண்டு கழித்து அந்த வழி சரிப்படவில்லை என்றால், அந்த இரண்டு ஆண்டையும் ரெஸ்யூமில் என்னவென்று எழுதுவீர்கள்?

உங்கள் பட்டத்தின் பெயர் விதிக்குப் பொருந்துகிறதா? இதைப் பெரும்பாலானோர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். மேற்படிப்புப் பகுதியில் விவரம் இருக்கிறது.

## கேம்பஸ் வேலை

நான்கில் மிகச் சீக்கிரம் மூடும் கதவு இது. ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில்தான் கம்பெனிகள் வரும். பிறகு ஆஃப் கேம்பஸில் முயன்றால், விளம்பரத்திலேயே தேர்ச்சி பெற்ற ஆண்டைக் குறிப்பிட்டுவிடுவார்கள். இரண்டு ஆண்டு தள்ளிப்போனவரை ஃப்ரெஷர் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள், அனுபவசாலி பட்டியலிலும் இடம் இருக்காது.

பெரிய ஐடி நிறுவனங்கள் வழக்கமாக வைக்கும் வடிகட்டி: பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இல்லை. பத்தாவதில் 57 எடுத்தவர் இனி அதைத் திருத்த முடியாது. அவர் நடுத்தர நிறுவனங்கள், வங்கிகள், தணிக்கையாளர் அலுவலகங்கள் பக்கம் முன்கூட்டியே திரும்புவது நல்லது.

அடுத்தது சம்பளம். ஆஃபர் லெட்டரில் இருக்கும் சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு) தொகையை 12-ஆல் வகுத்து வீட்டில் சொல்லிவிட்டு, முதல் மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்து அதிர்ந்துபோவது வருடா வருடம் நடப்பது. 3.6 லட்சம் சிடிசி, அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக் கணக்குப் போடுவோம்:

| விவரம் | மாதத்துக்கு (ரூ.) |
|---|---|
| சிடிசி ÷ 12 | 30,000 |
| கம்பெனியின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு | – 1,800 |
| கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு (அடிப்படையில் 4.81%) | – 722 |
| குழு மருத்துவக் காப்பீடு, தோராயமாக | – 500 |
| வேரியபிள் பே (செயல்திறனைப் பொறுத்துத் தரும் பகுதி), தோராயமாக | – 2,000 |
| உங்கள் பி.எஃப். பங்கு | – 1,800 |
| தொழில் வரி (சென்னை) | – 208 |
| கைக்கு வருவது | 22,970 |

காப்பீடும் வேரியபிளும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனாலும் சிடிசியில் முக்கால் பங்குதான் கையில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் சாப்பாட்டோடு ஷேரிங் ரூம், பயணம், போன் எல்லாம் போக மாதம் பத்தாயிரம் மிச்சம் பிடித்தாலே கெட்டிக்காரத்தனம். அதே வேலை கோவையிலோ மதுரையிலோ வீட்டிலிருந்தே போய்வரும்படி கிடைத்தால், 50,000 குறைந்த சிடிசிகூட லாபமாக முடியலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. முதலாவது, சேரும் தேதி. ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது என்பதும் வேலையில் சேர்ந்துவிட்டோம் என்பதும் வேறு வேறு. 2022-இல் படிப்பை முடித்தவர்களில் ஒரு பகுதியினர் ஐடி துறை மந்தத்தால் இரண்டு ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. எனவே கையில் ஒரு ஆஃபர் இருந்தாலும், சேரும் தேதி எழுத்தில் வரும் வரை மற்ற நேர்முகத் தேர்வுகளை விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது, பாண்டு, அதாவது இத்தனை காலம் விலக மாட்டேன் என்று எழுதித் தரும் ஒப்பந்தம். "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று சீனியர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று ஆண்டு முடிக்காமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு, பயிற்சிக் காலத்தில் விலகினாலும் கட்ட வேண்டுமா என்ற மூன்றையும் படித்துப் பாருங்கள். மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிக்கும், வேலைக்காக முன்பணம் கேட்கும் கன்சல்டன்சிக்கும் போகவே வேண்டாம்.

மூன்றாவது, வேலையின் உண்மையான பெயர். கலைக் கல்லூரிகளில் "ஐடி பிளேஸ்மென்ட்" என்று போஸ்டர் அடிப்பதில் பல பிபிஓ (வாடிக்கையாளர் அழைப்பு, தரவுப் பதிவு போன்ற) வேலைகள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் வாய்ஸா (போனில் பேசும் வேலை) நான்-வாய்ஸா, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும், இரவில் கேப் உண்டா, எந்த ஊர் என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து கோடிங் பக்கம் போக நினைப்பவர், இரண்டு ஆண்டு வாய்ஸ் பிராசஸில் இருந்துவிட்டால் அங்கிருந்து டெவலப்பர் வேலைக்குத் தாவுவது சிரமம்.

யாருக்கு இது சரி: வீடு ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்பவருக்கு. எந்தத் துறை பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவருக்கும் இதுவே நல்லது. சம்பளம் வாங்கிக்கொண்டே அதைக் கண்டுபிடிக்கலாம்.

## மேற்படிப்பு

என்ன செய்வதென்று தெரியாததால் எம்.எஸ்சி. சேர்வது தமிழ்நாட்டில் பழகிப்போன ஒரு ஒத்திவைப்பு. அதே கல்லூரி, அதே ஆய்வகம், அதே ஆசிரியர்கள் என்று இரண்டு ஆண்டு ஓடினால், முடிவில் அதே கேள்வி 23 வயதில் திரும்ப வந்து நிற்கும். கூடச் செலவும் இருக்கும்: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வந்த மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும்.

கல்விக் கடன் வாங்குபவர்கள் படிக்கும் காலத்து வட்டியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதலாண்டு 1 லட்சம், இரண்டாமாண்டு 1 லட்சம், 10 சதவீதத் தனிவட்டி, படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசம் என்று வைத்தால், தவணை தொடங்கும் நாளில் கடன் சுமார் 2.5 லட்சமாக நிற்கும். படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதா மாதம் கட்டிவர முடிந்தால் இந்தச் சுமை பெரிதும் குறையும்.

மேற்படிப்புக்கு நியாயம் இருக்கும் இடங்கள் தெளிவானவை. ஒன்று, நீங்கள் விரும்பும் பதவிக்கே முதுகலை கட்டாயம் என்றிருப்பது. அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுகலையும் பி.எட்.டும் வேண்டும். கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு முதுகலையில் 55 சதவீதமும் நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். இன்னொன்று, கல்லூரி மாறுவதால் உங்கள் மதிப்பே மாறுவது. கிராமத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர் ஐஐடி ஜாம் என்ற நுழைவுத் தேர்வை எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேர்ந்தால் அவருக்குத் திறக்கும் கதவுகளே வேறு. ஜாமில் இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், பொருளியல், நிலவியல் (ஜியாலஜி) ஆகிய ஏழு தாள்கள் இருக்கின்றன. 3 மணி நேரம், 100 மதிப்பெண். செப்டம்பர், அக்டோபரில் பதிவு, பிப்ரவரியில் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு கியூட் பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு. எம்பிஏ, எம்சிஏவுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட். எம்சிஏ சேர பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பதை பி.காம். மாணவர்கள் கவனிக்கவும்.

பட்டத்தின் பெயர் விவகாரம் இங்கேதான் கடிக்கும். முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் ஆசைக்கு எம்.ஏ. தமிழ் முடித்து, பி.எட்.டும் முடித்து, தேர்விலும் தேறிய பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் கழற்றிவிடப்பட்டால் போன ஆண்டுகள் திரும்பாது. "அப்ளைடு", "இண்டஸ்ட்ரியல்" என்று முன்னொட்டு போட்ட பட்டங்களுக்கு, அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் "அதெல்லாம் செல்லும்" என்று வாயால் சொல்வது போதாது. அரசாணை எண்ணைக் கேளுங்கள்.

யாருக்கு இது சரி: ஆசிரியர், ஆராய்ச்சி, புள்ளியியல், சமூகப்பணி போல முதுகலை இல்லாமல் உள்ளே நுழையவே முடியாத துறையைத் தேர்ந்துவிட்டவருக்கு. அல்லது இப்போது படிப்பதைவிட நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தவருக்கு. இரண்டும் இல்லையென்றால் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலையில் முதுகலை முடிப்பதை முதலில் யோசிக்கலாம்.

## போட்டித் தேர்வு

இதில் மாநில அரசுப் பணிக்கான டிஎன்பிஎஸ்சி ஒரு ரகம், வங்கியும் மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சியும் இன்னொரு ரகம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் படிப்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

டிஎன்பிஎஸ்சியின் கதவு மெதுவாக மூடும். குரூப் 1-க்கு உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 34, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியலினப் பிரிவினருக்கு 39. இளநிலை உதவியாளர் போன்ற குரூப் 4-இன் பல பதவிகளில், பட்டதாரியாக இருக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு உச்ச வயதே இல்லை. ஆகவே "இப்போது விட்டால் போச்சு" என்ற பதற்றத்துக்கு இங்கே இடமில்லை.

போட்டியைப் பாருங்கள். 2022 குரூப் 4 தேர்வை 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். அறிவித்தது 7,301 இடங்கள், பின்னால் 10,117 ஆனது. உயர்ந்த எண்ணை வைத்தாலும் ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 180 பேர். அதில் பாதிப் பேர் புத்தகத்தைத் திறக்காமல் வந்தவர்கள் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டாலும் 90 பேர்.

காத்திருப்பு இன்னும் கொடுமை. 2022 பிப்ரவரியில் அறிவித்த குரூப் 2 தேர்வுக்கு முதல்நிலை மே மாதம், முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி, அதன் முடிவு 2024 ஜனவரி. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. பிறகு வேகம் கூடியது உண்மை: 2024 குரூப் 4 ஜூன் 9-இல் நடந்து அக்டோபர் 28-இல் முடிவு வந்தது. இருந்தாலும் நல்ல வேகத்தை நம்பித் திட்டம் போடாமல், மோசமான ஆண்டு அமைந்தாலும் தாங்குமா என்றுதான் வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். மேலே போட்ட சம்பளக் கணக்கையே வைத்தால், வேலைக்குப் போகாமல் ஓராண்டு படிப்பதன் விலை சுமார் 2.75 லட்சம். கோச்சிங் கட்டணமும் விடுதி வாடகையும் தனி. கோச்சிங் கட்டணத்தையாவது மிச்சப்படுத்தலாம்: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்புகள் இலவசம்.

வென்றால் கிடைப்பதும் சிறியதல்ல. இளநிலை உதவியாளரின் அடிப்படை 19,500. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி சேர்ந்தால் 30,000-ஐத் தாண்டும். சொந்த மாவட்டத்திலேயே வேலை கிடைத்தால் அது சென்னை ஐடி சம்பளத்தைவிடக் கையில் நிற்கும்.

அதிகம் பேர் தவறவிடும் ஒரு விஷயம்: குரூப் 4-க்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புதான். 18 வயது நிறைந்திருந்தால் பெரும்பாலான பதவிகளுக்குக் கல்லூரியில் படிக்கும்போதே எழுதலாம். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்ப் பகுதியில் மட்டும் 100 கேள்வி. அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளை எண்ணவே மாட்டார்கள். இரண்டாம் ஆண்டிலேயே 100 ரூபாய் கட்டி ஒருமுறை எழுதிப் பார்த்தால், இந்த வழி நமக்கு ஒத்துவருமா என்பது முழுநேரமாக உட்காருவதற்கு முன்பே தெரிந்துவிடும். குரூப் 2 அப்படி இல்லை. அறிவிக்கை நாளில் பட்டம் கையில் இருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டை நம்புகிறவர்கள், 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழி என்றால் போதாது, பள்ளிப் படிப்பும் முழுக்கத் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளவும். பள்ளிச் சான்றிதழ்களை இப்போதே வாங்கிவிடுவது நல்லது. பழைய பள்ளி மூடப்பட்டிருந்தால் அலைச்சல் அதிகம்.

வங்கி, எஸ்எஸ்சி தேர்வுகளின் கதவு சீக்கிரம் மூடும். ஐபிபிஎஸ் நடத்தும் வங்கி அதிகாரி (பிஓ) தேர்வுக்கு 30 வயது, ஓபிசிக்கு 33, எஸ்சி எஸ்டிக்கு 35. ஆனால் சுழற்சி ஒரே ஆண்டில் முடிந்துவிடும். முதல்நிலை 60 நிமிடத்தில் 100 கேள்வி. தப்பான விடைக்கு கால் மதிப்பெண் போகும். இங்கே சோதிக்கப்படுவது வேகம். பள்ளிப் புத்தகங்களை மனப்பாடம் செய்தவருக்கு இது வராது. ஆப்டிட்யூட் வேகம் பழகியவருக்கு வரும். அதே ஆப்டிட்யூட், அதே ஆங்கிலம்தான் கேம்பஸ் முதல் சுற்றிலும் கேட்கப்படுகிறது. ஐந்தாம் செமஸ்டரில் தினமும் ஒரு மணி நேரம் எதற்காவது ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள். மூன்று கதவுக்கு ஒரே உழைப்பு.

யாருக்கு இது சரி: வேலைக்குப் போகாமல் 18 மாதம் தாங்கக்கூடிய வீடும், ஒருமுறை எழுதிப் பார்த்துக் கட்ஆஃபுக்குப் பக்கத்தில் வந்த மதிப்பெண்ணும் இருப்பவருக்கு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வேலையில் இருந்துகொண்டே படியுங்கள். முழுநேரமாக உட்கார்ந்தாலும் இத்தனை முயற்சி, இந்தத் தேதி வரை என்று தொடங்கும்போதே எழுதி வையுங்கள். "இந்த ஒரு தடவை மட்டும்" என்பது ஐந்து வருடம் ஓடும்.

## அப்ரண்டிஸ்

மத்திய அரசின் நாட்ஸ் என்ற தொழிற்பழகுநர் திட்டத்தில் பட்டதாரிக்கு ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி. 2019 விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி என்எல்சி, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்றவை ஆள் எடுக்கின்றன. பெரும்பாலும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல் போடுவார்கள், பி.காம்., பி.ஏ. படித்தவர்களுக்கும் இடம் உண்டு.

பயிற்சி முடிந்ததும் வேலை தருவதாக யாரும் உறுதி தருவதில்லை. இந்த வழிக்கும் ஒரு கதவு உண்டு: ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் வந்துவிட்டால் பிறகு சேர முடியாது. ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் உதவித்தொகையில் அரசின் பங்கு வந்து சேராது. வெளியூர் என்றால் உதவித்தொகை விடுதிக்கே போய்விடும்.

யாருக்கு இது சரி: கேம்பஸில் ஒன்றும் அமையாமல், பயிற்சி தரும் நிறுவனம் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருப்பவருக்கு. மாலையில் தேர்வுக்குப் படிக்க நேரமும் கிடைக்கும், ரெஸ்யூமில் காலியிடமும் விழாது.

## பக்கம் பக்கமாக

| | கேம்பஸ் | மேற்படிப்பு | டிஎன்பிஎஸ்சி | வங்கி | அப்ரண்டிஸ் |
|---|---|---|---|---|---|
| கதவு மூடுவது | படிப்பு முடிந்ததும் | மெதுவாக | 34, 39 அல்லது வரம்பில்லை | 30 முதல் 35 | ஓராண்டு வேலை அனுபவம் வந்ததும் |
| முதல் வருமானம் | சில மாதம். சேரும் தேதி தள்ளலாம் | 2 ஆண்டுக்குப் பின் | 1 முதல் 2 ஆண்டு | சுமார் ஓராண்டு | சேர்ந்த மாதமே |
| தோற்றால் மிஞ்சுவது | அனுபவம், பி.எஃப். | பட்டம் | பெரிதாக ஒன்றுமில்லை | ஆப்டிட்யூட் திறன் | சான்றிதழ் |
| மறைசெலவு | பாண்டு, வாடகை | கடன் வட்டி | இழந்த சம்பளம் | கோச்சிங், மாதிரித் தேர்வுகள் | விடுதி |

## எந்த மாதம் என்ன

ஜூலையில் மதிப்பெண் பட்டியல்களை எடுத்து வைத்து 60 சதவீத வடிகட்டியில் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ஆகஸ்டிலிருந்து கேம்பஸ். கேட் (GATE, ஐஐடி போன்றவற்றில் மேற்படிப்புக்கான தேர்வு) எழுத நினைத்தால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து பதிவு கவனிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு பட்டப்படிப்பு மாணவரும் எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். செப்டம்பரில் ஜாம் பதிவு. டிசம்பர், ஜனவரியில் கியூட் பிஜி அறிவிப்பு. பிப்ரவரி, மார்ச் நுழைவுத் தேர்வுகள். குரூப் 4 அறிவிக்கை எப்போது வந்தாலும் விண்ணப்பித்துவிடுங்கள். டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் கட்டினால் ஐந்து ஆண்டு செல்லும்.

கேம்பஸ் ஆஃபரையும் நுழைவுத் தேர்வையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். ஒன்று கிடைத்ததும் மற்றதைக் கைவிடத் தேவையில்லை. முடிவெடுக்க ஜூன் வரை அவகாசம் உண்டு.

இத்தனையையும் கவிழ்க்கக்கூடியது ஏப்ரல் தேர்வில் விழும் ஓர் அரியர். அடுத்த வாய்ப்பு நவம்பரில்தான் என்பதால் வேலையில் சேரும் தேதி, முதுகலைச் சேர்க்கை, குரூப் 2 தகுதி எல்லாமே தள்ளிப்போகும். சில பல்கலைக்கழகங்கள் கடைசி செமஸ்டரில் ஒரே தாளில் தவறியவர்களுக்கு உடனடித் தேர்வு நடத்துகின்றன. விண்ணப்பிக்கத் தரும் நாள்கள் குறைவு, அறிவிப்பு பெரும்பாலும் பல்கலைக்கழக இணையதளத்தில் மட்டும்தான் வரும். முடிவு வெளியான அன்றே தேர்வுத் துறையில் கேட்டுவிடுங்கள்.